நாடு சொல்லும் பொருளாதாரக் கதை: பால்மரத் தோட்டமும் உலக நகரும்

பொருளாதாரத்தைக் கண்ணால் கண்டவர் எவருமில்லை. சந்தையைக் காணலாம், துறைமுகத்தைக் காணலாம், பால்வாளி சுமந்து செல்லும் தொழிலாளியைக் காணலாம். இவை யாவும் ஒன்றுதிரண்டு ‘நாட்டின் பொருளாதாரம்’ என்னும் ஒரே உருவமாக நம் மனத்தில் நிற்பது கூட்டுக் கற்பனையின் பயனாகும். அந்த உருவத்திற்கு எண்வடிவம் கிடைத்ததும் அண்மைக் காலத்தில்தான். அமெரிக்காவின் தேசிய வருமானத்தைக் கணக்கிட்டுச் சைமன் குஸ்நெட்ஸ் அந்நாட்டு நாடாளுமன்றத்திற்கு அறிக்கை அளித்தது 1934ஆம் ஆண்டில். அதற்கு முன்பே, 1901இல் வெளிவந்த தம் நூலில், இந்தியாவின் செல்வம் ஆண்டுதோறும் பிரிட்டனுக்கு வடிந்து செல்கிறது என்று தாதாபாய் நௌரோஜி வாதிட்டார். வடிந்து செல்ல ஒரு பாத்திரம் வேண்டுமல்லவா? இந்தியா என்னும் அப்பாத்திரத்தை அவர் கணக்கின் வழியே வனைந்தார் எனலாம்.

தேசம் என்பது கற்பனை செய்யப்பட்ட சமூகம் என்று 1983இல் எழுதிய பெனடிக்ட் ஆண்டர்சன், அக்கற்பனையை வளர்த்த கருவிகளாகச் செய்தித்தாளையும் நாவலையும் சுட்டினார். வரவு செலவுத் திட்ட உரைக்கும் ஐந்தாண்டுத் திட்ட ஏட்டிற்கும் அதே வரிசையில் இடம் தரலாம். அவற்றிலும் நாயகன் உண்டு, பகைவன் உண்டு, எட்ட வேண்டிய இலக்கு உண்டு, பேசப்படாமல் விடப்படும் பாத்திரங்களும் உண்டு. மலேசியாவும் சிங்கப்பூரும் உலகமயச் சூழலில் தத்தம் பொருளாதாரத்தை எவ்வாறு கதையாக்கிக் கொண்டன என்பதையும், அக்கதைகளில் தோட்டத் தமிழர் எங்கு நின்றனர் என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

தாயகம் திரும்பிய நிலம்

காலனித்துவ மலாயாவின் ஏடுகளில் பொருளாதாரம் என்பது பண்டங்களின் பட்டியலாகவும் இனங்களின் பட்டியலாகவும் இருந்தது. ஈயத்திற்குச் சீனர், ரப்பருக்குத் தமிழர், நெல்லுக்கு மலாய்க்காரர் என்னும் பகுப்பு இயற்கை நியதிபோல எழுதப்பட்டது. அதில் இயற்கை எதுவுமில்லை. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுற்ற பின்னரும் கங்காணிகள் வழியாக ஆளெடுப்பு நடந்தது; உதவிபெற்ற குடியேற்றத்தை இந்திய அரசு 1938இல் தடைசெய்யும்வரை தோட்டங்களுக்குத் தேவையான கைகள் கப்பலில் வந்த வண்ணமிருந்தன. சட்டமும் நிதியும் முகவர்களும் சேர்ந்து அமைத்த ஏற்பாடு அது.

1969 மே கலவரத்திற்குப்பின், 1971இல் இரண்டாம் மலேசியத் திட்டத்துடன் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை இந்தப் பழைய கதையை நேராகவே எதிர்கொண்டது. இன வேறுபாடின்றி வறுமையை ஒழிப்பதும், இனத்தைத் தொழிலோடு பிணைத்து அடையாளங்காணும் நிலையை நீக்குவதும் அதன் இரு நோக்கங்கள். 1970இல் பங்குடைமையில் வெளிநாட்டாரின் கையில் 60 விழுக்காட்டுக்கும் மேல் இருந்தது. பூமிபுத்ராக்களின் பங்கு 2.4 விழுக்காடு, இந்தியரின் பங்கு ஏறத்தாழ 1 விழுக்காடு. 1990க்குள் பூமிபுத்ராக்களுக்கு 30, ஏனைய மலேசியருக்கு 40, வெளிநாட்டாருக்கு 30 என்பது இலக்கு. இவ்விலக்கில் ‘ஏனைய மலேசியர்’ என்னும் தொகைச் சொல் கவனிக்கத்தக்கது. கோலாலம்பூர் வணிகரும் நாட்கூலிக்குப் பால்வெட்டிய தோட்டப் பாட்டாளியும் அச்சொல்லுக்குள் ஒன்றாக அடங்கினர். 1990ஆம் ஆண்டு வந்தபோது பூமிபுத்ரா பங்கு 19.3 விழுக்காட்டுக்கு உயர்ந்திருந்தது; இந்தியரின் பங்கு ஏறத்தாழ அதே 1 விழுக்காட்டில் நின்றது.

இக்கொள்கைக் காலத்தின் உச்சக் காட்சி இலண்டனில் அரங்கேறியது. 1981 செப்டம்பர் 7ஆம் நாள் காலை, பெர்மோடாலான் நேஷனல் என்னும் தேசிய முதலீட்டு நிறுவனம், இலண்டன் பங்குச் சந்தை திறந்து நான்கு மணி நேரத்திற்குள் கத்ரி நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பங்குகளைத் திரட்டியது. 1821இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட அந்நிறுவனத்தின் வசம் மலேசியாவில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் ஏக்கர் தோட்ட நிலம் இருந்தது. பிரிட்டிஷ் ஏடுகள் இதனை ‘வைகறைத் தாக்குதல்’ என்றன. பின்னர்ப் பங்குச் சந்தையின் விதிகள் மாற்றப்பட்டன. அதே ஆண்டு அக்டோபரில், பிரிட்டிஷ் பொருள்களைக் கடைசியாகவே வாங்குவது என்னும் கொள்கையைப் பிரதமர் மகாதீர் முகமது அறிவித்தார். மலேசியர் மனத்தில் இந்நிகழ்ச்சி, போரின்றி நிலம் மீட்ட வீரகதையாக இன்றும் நிலைத்துள்ளது. அதில் நியாயமும் உண்டு. முன்னாள் காலனி ஒன்று, காலனித்துவ முதலாளியின் சொந்தச் சந்தையில், அவனுடைய விதிகளின்படியே அவனை வென்றது சிறிய செயலன்று.

ஆனால் மறுநாள் விடியலில் பெரட்டுக்களத்தில் வரிசை பிடித்து நின்றவர்களுக்கு என்ன மாறியது? உரிமையாளர் பெயர் மாறிற்று. நாட்கூலி, வரிசை வீடு, வேலை போனால் வீடும் போகும் என்னும் நிலை ஆகியன மாறவில்லை. நிலம் திரும்பியது பற்றிய கதையில், அந்நிலத்தைக் காடழித்துத் தோட்டமாக்கிய தலைமுறைகளுக்குப் பேசும் பாத்திரம் தரப்படவில்லை. கொடுத்தவர் இலண்டன், பெற்றவர் கோலாலம்பூர் என்று கதை முடிந்துவிட்டது.

இதே நிலத்தைப் பற்றிய மற்றொரு கதை இதற்கு இருபது ஆண்டுகள் முன்பே தோட்டங்களில் சொல்லப்பட்டது என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். 1950களில் ஆங்கிலேய உரிமையாளர் பலர் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடி விற்றனர். தொழிலாளர் வேலையும் வீடும் இழந்தனர். இந்நிலையில் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் மாதந்தோறும் பத்து வெள்ளி செலுத்திப் பங்கு சேர்த்தனர். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம். பால்வெட்டுபவரே உரிமையாளர் ஆகலாம் என்னும் அந்தக் கற்பனை, வைகறைத் தாக்குதலைவிட எளியது; என் கருத்தில் அதைவிடத் துணிவானது. தேசிய வரலாற்றுப் பாடங்களில் அதற்குரிய இடம் இன்னும் கிடைத்தபாடில்லை.

பெராங் பெசார்

1991 பிப்ரவரி 28ஆம் நாள் மலேசிய வணிக மன்றத்தில் மகாதீர் ஆற்றிய உரையில் தூரநோக்கு 2020 பிறந்தது. முப்பது ஆண்டுகளில் நாடு முழு வளர்ச்சி அடைய வேண்டும். 1990இல் 115 பில்லியன் ரிங்கிட்டாக இருந்த மொத்த உள்நாட்டு உற்பத்தி 2020இல் எட்டு மடங்காக, அதாவது 920 பில்லியனாகப் பெருக வேண்டும். அதற்கு ஆண்டுதோறும் சராசரி 7 விழுக்காடு வளர்ச்சி வேண்டும் என்பது கணக்கு. அவ்வுரையில் ஒன்பது அறைகூவல்கள் இருந்தன. ஒன்றுபட்ட மலேசிய இனத்தை உருவாக்குவது முதல் அறைகூவல். வளமான பொருளாதாரம் ஒன்பதாவது. மக்கள் நினைவில் நின்றதோ ஆண்டு ஒன்றே. பள்ளிச் சுவரோவியங்களில் பறக்கும் மகிழுந்துகளாக 2020 தீட்டப்பட்டது. ஒரு தேசம் தன் எதிர்காலத்தை ஒரு நான்கிலக்க எண்ணாகச் சுருக்கிக்கொண்டதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு தென்கிழக்காசியாவில் இல்லை.

இந்தக் கதைக்கு ஒரு மேடை தேவைப்பட்டது. 452 மீட்டர் உயர இரட்டைக் கோபுரத்திலிருந்து சிப்பாங் விமான நிலையம்வரை, 15 கிலோமீட்டர் அகலமும் 50 கிலோமீட்டர் நீளமும் கொண்ட நிலப்பகுதி 1996இல் பல்லூடகப் பெருவழி ஆயிற்று. அதன் நடுவே புத்ராஜெயாவும் சைபர்ஜெயாவும் எழுந்தன. வெற்று நிலத்தில் எழுந்த நகரங்கள் என்றே விளம்பர ஏடுகள் இவற்றை அறிமுகப்படுத்தின. அந்த நிலம் வெறுமையாக இருந்ததில்லை.

புத்ராஜெயாவின் பழைய பெயர் பெராங் பெசார். மலாய் மொழியில் ‘பெரும் போர்’ எனப் பொருள்படும் இப்பெயர், முதல் உலகப் போரில் போரிட்ட பிரிட்டிஷ் வீரர்கள் 1921இல் அத்தோட்டத்தைத் தொடங்கியதால் வந்தது. ரப்பர் உலகில் அப்பெயர் இன்றும் மறையவில்லை. பி.பி. 86 முதலான உயர்விளைச்சல் ஒட்டுரகங்களின் பெயரில் உள்ள ‘பி.பி.’ பெராங் பெசாரைக் குறிப்பது. இலங்கையிலும் கேரளத்திலும் அவ்வகை மரங்கள் பல்லாயிரம் ஏக்கரில் நடப்பட்டன. ‘உலகமயம்’ என்னும் சொல் பரவுவதற்கு வெகு முன்பே, டிங்கில் வட்டாரத்து மண்ணில் தேர்ந்த மரம் கடல் கடந்து சென்றுள்ளது. அறிவுப் பொருளாதாரத்தின் தலைநகர் என்று அழைக்கப்பட்ட இடத்தில், அதற்கு எழுபது ஆண்டுகள் முன்பே ஓர் அறிவுப் பொருளாதாரம் இயங்கியது. அதன் கைகள் தமிழரின் கைகள்.

1990களில் அத்தோட்டமும் அண்டைத் தோட்டங்களும் கையகப்படுத்தப்பட்டபோது குடும்பங்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. அக்கட்டடங்களில் விரிசல்கள் தோன்றின. தரைவீடு கோரிய அவர்களின் போராட்டம் பல பத்தாண்டுகள் நீண்டது. ஊர்க்கோயிலும் தமிழ்ப்பள்ளியும் சுடுகாடும் சேர்ந்ததே ஒரு தோட்டம் என்பதை இழப்பீட்டுக் கணக்கு அறிந்திருக்கவில்லை. இத்தகைய பெயர்வுகள் தீபகற்பம் முழுதும் நடந்தன. 2007 நவம்பர் 25ஆம் நாள் கோலாலம்பூர் வீதிகளில் திரண்ட இந்தியர்களின் மனக்குறையை, மதவிவகாரமாக மட்டும் பார்ப்பவர்கள் இந்தப் பெயர்வின் வரலாற்றைத் தவறவிடுகின்றனர்.

பகைவனும் எண்ணும்

1997 ஜூலை 2ஆம் நாள் தாய்லாந்து பாட் மிதக்கவிடப்பட்டதும் நெருக்கடி தொடங்கியது. அமெரிக்க டாலருக்கு 2.50 அளவில் இருந்த ரிங்கிட் 1998 ஜனவரியில் 4.80ஐத் தாண்டிச் சரிந்தது. அவ்வாண்டு பொருளாதாரம் 7.4 விழுக்காடு சுருங்கியது. இத்தகைய வேளையில் ஒவ்வொரு நாடும் தன் கதையைத் தேடுகிறது. தென்கொரிய மக்கள் திருமண மோதிரம் உள்ளிட்ட தங்கத்தை வரிசையில் நின்று அரசுக்குக் கொடுத்தனர். அங்கு அது தியாகத்தின் கதை. மலேசியாவில் அது பகைவனின் கதையாயிற்று. 1997 செப்டம்பரில் ஹாங்காங்கில் நடந்த உலக வங்கி, அனைத்துலகப் பண நிதியக் கூட்டத்தில், நாணய வணிகம் தேவையற்றது, அறமற்றது என்று மகாதீர் சாடினார். 1998 செப்டம்பர் 2இல் ரிங்கிட் 3.80 என நிலைநிறுத்தப்பட்டது; துணைப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் பதவி நீக்கப்பட்டதும் அதே நாளில். 2005 ஜூலை 21வரை அந்த எண் கொடியைப்போல உயரப் பறந்தது. பொருளியல் படியாதவரும் மனப்பாடமாக அறிந்திருந்த மாற்று விகிதம் அது.

சிங்கப்பூரின் கதை வேறு வகையினது. நிலமே இல்லாத நாடு நிலம் மீட்ட கதையைச் சொல்ல இயலாது. 1965இல் பிரிந்தபின் உள்நாட்டுச் சந்தையும் கைவிட்டுப் போயிற்று. 1968இல் பிரிட்டன் தன் படைத்தளங்களை மூடப்போவதாக அறிவித்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தை நம்பி வாழ்ந்த மலையாளிகளுக்கும் தமிழர்களுக்கும் அது நேரடி இடி. இச்சூழலில் 1972 பிப்ரவரி 6ஆம் நாள் வெளியுறவு அமைச்சர் எஸ். இராஜரத்தினம் பத்திரிகையாளர் மன்றத்தில் ஆற்றிய உரை, சிங்கப்பூரை ‘உலக நகர்’ என வருணித்தது. தொழில்நுட்பமும் போக்குவரத்தும் வளர்ந்துவிட்ட காலத்தில் உலகம் முழுவதுமே சிங்கப்பூருக்குப் பின்னிலமாகலாம் என்பது அவர் வாதம். அவ்வாண்டு ஜூன் மாதம் தஞ்சோங் பகாரில் முதல் கொள்கலன் கப்பல் வந்தணைந்தது. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து, ரப்பர்த் தோட்ட மேற்பார்வையாளரின் மகனாகச் சிரம்பானில் வளர்ந்தவர் இந்தக் கதையை எழுதினார் என்பது தற்செயலாக இருக்கலாம். தோட்டத்தின் விலை இலண்டனில் தீர்மானிக்கப்படுவதைக் கண்டு வளர்ந்தவருக்கு, உலகச் சந்தை புதிய செய்தியாக இருந்திராது.

சிங்கப்பூர்க் கதையில் பகைவன் வெளியே நிற்பதில்லை. பலவீனம் உள்ளேயே உறைகிறது. 1985இன் பின்னடைவுக்குப்பின் முதலாளிகளின் மத்திய சேமநிதிச் சந்தா 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காட்டுக்கு 1986இல் குறைக்கப்பட்டபோது, தொழிலாளர் அதனைப் பெரிதும் அமைதியாக ஏற்றமைக்கு இக்கதையின் ஆற்றலும் ஒரு காரணம். எனினும், எப்போதும் விளிம்பில் நிற்பதாகச் சொல்லப்படும் நாட்டில், கூலி உயர்வு கேட்பவன் எளிதில் தன்னலக்காரனாகத் தோன்றிவிடுகிறான்.

தூரநோக்கின் ஆண்டு வந்தபோது பெருந்தொற்று உலகை முடக்கியிருந்தது. 2020இல் மலேசியப் பொருளாதாரம் 5 விழுக்காட்டுக்கும் மேல் சுருங்கியது. இலக்கு அதற்கு முன்பே, 2019 அக்டோபரில் வெளியிடப்பட்ட வேறொரு திட்டத்தின்வழி 2030க்கு நகர்த்தப்பட்டிருந்தது. 2020 டிசம்பர் 30ஆம் நாள், சைம் டார்பி தோட்ட நிறுவனத்தின் செம்பனை எண்ணெய் இறக்குமதியை, கட்டாய உழைப்பின் அறிகுறிகள் உள்ளதாகக் கூறி அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தது. நிறுவனம் சீர்திருத்தங்களை மேற்கொண்ட பின்னர் 2023 பிப்ரவரியில் அத்தடை விலக்கப்பட்டது. அந்நிறுவனத் தோட்டங்களில் அப்போது உழைத்தவர்களுள் பெரும்பாலோர் இந்தோனேசியா, வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். தமிழர் விட்டுச்சென்ற இடத்தில் நின்ற அவர்களைப் பற்றி முதலில் உரக்கப் பேசியது கோலாலம்பூரின் திட்ட ஏடு அன்று, வாஷிங்டனின் சுங்க ஆணை. 1981இல் மீட்கப்பட்ட கத்ரி நிலங்கள் 2007 இணைப்பின்வழி அந்நிறுவனத்தையே சேர்ந்திருந்தன. 2024இல் அது தன் பெயரை மாற்றிக்கொண்டது. புதிய பெயர் எஸ்.டி. கத்ரி.