ஆறாவது மாடியில் ஒரு ஸ்டேட்டஸ் மீட்டிங்

தலைப்பைப் பார்த்துட்டு "இவன் ஆபீஸ் புலம்பலை ஆரம்பிச்சுட்டான்டா"ன்னு ஓடிடாதீங்க மக்களே. நம்ம பொழப்புல வாராவாரம் நடக்குற ஸ்டேட்டஸ் மீட்டிங் பத்தி புதுசா எழுத என்ன இருக்கு? ஒரு எக்ஸெல் ஷீட், அதுல பச்சை, மஞ்சள், சிவப்பு. போன வாரம் மஞ்சளா இருந்தது இந்த வாரமும் மஞ்சளாவே இருக்கும். டேமேஜர் "வேற ஏதாவது இருக்கா?"ன்னு கேட்பார். எல்லாரும் எழுந்து டீ குடிக்கப் போயிடுவோம். :-)

இதே சமாச்சாரத்தை வச்சு ஒரு நகரத்தையே ஓட்டலாம்னு ஒரு மேயர் நம்பினார். ஓட்டியும் காட்டினார். ஊர், அமெரிக்காவில் மேரிலாண்ட் மாநிலத்துல இருக்கிற பால்டிமோர். மேயர் பேரு மார்ட்டின் ஓமாலி. அந்த ஏற்பாட்டுக்குப் பேரு சிட்டிஸ்டாட். அது எங்கிருந்து வந்தது, எதைச் சாதிச்சது, எங்கே சறுக்கிச்சு, இதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

சுவரெல்லாம் கிரேயான்

கதை ஆரம்பிக்கிறது பால்டிமோர்ல இல்லை, அங்கிருந்து 300 கிலோமீட்டர் தள்ளி நியூயார்க்ல. 1990 வாக்கில் அந்த ஊர் சுரங்க ரயில் போலீஸ்ல ஜாக் மேப்பிள்னு ஒரு லெப்டினென்ட் இருந்தார். ஆளோட கெட்டப்பே தனி. தலையில ஹோம்பர்க் தொப்பி, கழுத்துல போ டை, கால்ல ரெண்டு கலர் ஷூ. இந்த மனுஷன் 55 அடி நீளத்துக்குச் சுவர்ல பேப்பரை ஒட்டி, ரயில் பாதை முழுசையும், ஒவ்வொரு ஸ்டேஷனையும் வரைஞ்சு வச்சார். எங்கெல்லாம் வழிப்பறி நடந்துச்சோ அங்கெல்லாம் கிரேயான்ல ஒரு குறி. அதுக்கு அவர் வச்ச பேரு "எதிர்காலத்தின் வரைபடங்கள்". எந்த ஸ்டேஷன், எந்த நேரம்னு குறிகளைப் பார்த்தாலே தெரிஞ்சுடும். போலீஸை அங்கே நிறுத்தினா போதும்.

கேட்கச் சின்ன விஷயமாத் தெரியும். ஆனா அன்னிக்கு ஊர்ல இருந்த நிலைமை என்ன? குற்றக் கணக்கு மேலிடத்துக்கு வந்து சேரவே மாசக் கணக்குல ஆகும். வந்த கணக்கை வாஷிங்டனுக்கு அனுப்பிட்டு ஃபைலை மூடிடுவாங்க. நேத்து ராத்திரி எந்தத் தெருவுல என்ன நடந்துச்சுன்னு கமிஷனருக்குத் தெரியாது.

1994-ல் வில்லியம் பிராட்டன் நியூயார்க் போலீஸ் கமிஷனர் ஆனார். மேப்பிளைத் துணைக் கமிஷனரா உட்கார வச்சார். வாராவாரம் எல்லா ஸ்டேஷன்லேர்ந்தும் கணக்கு வரணும்னு உத்தரவு. காலங்காத்தால தலைமையகத்துல கூட்டம். ஏரியா அதிகாரி எழுந்து முன்னாடி நிக்கணும். பின்னாடி திரையில அவர் ஏரியா மேப். "இந்த மூலையில மூணு வாரமா கொள்ளை நடக்குது, என்ன பண்ணீங்க?" பதில் இல்லைன்னா அடுத்த கூட்டத்துக்கும் அதே கேள்வி காத்திருக்கும். இதுக்குப் பேரு காம்ப்ஸ்டாட். ஃபைல் பேருக்கு எட்டு எழுத்துதான் இடம்னு இருந்த டாஸ் காலத்து மிச்சம்தான் அந்தப் பேருன்னு ஒரு கதை உண்டு. நம்ம இனம்தான். ;-)

மேப்பிள் வகுத்த விதிகள் நாலு. ஒண்ணு, சரியான தகவல் உடனுக்குடன் வரணும். ரெண்டு, ஆட்களை வேகமா அனுப்பணும். மூணு, பலன் தர்ற வழியைக் கையாளணும். நாலு, விடாம பின்தொடர்ந்து கேட்கணும். இந்த நாலாவதை மட்டும் மனசுல வச்சுக்குங்க, கடைசி வரைக்கும் வேணும்.

1990-ல் நியூயார்க்ல 2,200-க்கும் மேல கொலைகள். 1998-ல் அது 700-க்குக் கீழே வந்துச்சு. காரணம் காம்ப்ஸ்டாட் மட்டும்தானான்னா, அந்தச் சண்டை இன்னும் ஓயலை. அதே வருஷங்கள்ல காம்ப்ஸ்டாட் இல்லாத பல ஊர்கள்லயும் குற்றம் குறைஞ்சது. ஆனா அந்த ரூமைப் பார்த்துட்டுப் போனவங்களுக்கு அந்த ரூம் மேல ஒரு மயக்கம் வந்தது நிஜம்.

குப்பை, குழி, தெருவிளக்கு

அப்படி மயங்கினவங்கள்ல ஒருத்தர்தான் ஓமாலி. அப்போ பால்டிமோர் நகரசபை உறுப்பினர். 1999 நவம்பர்ல 36 வயசுல மேயரா ஜெயிச்சார். அவர் கைக்கு வந்த ஊரோட நிலைமையைக் கேளுங்க. 1950-ல் ஒன்பதரை லட்சம் பேர் வாழ்ந்த நகரம், 2000 கணக்கெடுப்புல ஆறரை லட்சம். வேலைகள் போச்சு, ஜனங்க புறநகருக்குப் போனாங்க, வரியும் கூடவே போச்சு. காலி வீடுகள் வரிசை வரிசையா. 90-கள்ல வருஷா வருஷம் 300-க்கும் மேல கொலைகள்.

மேப்பிளையே ஆலோசகரா வரவழைச்சாங்க. போலீஸுக்கு மட்டும் எதுக்கு, குப்பை வண்டிக்கும் இதையே பண்ணினா என்னன்னு யோசனை வந்தது. 2000 ஜூன்ல சிட்டிஸ்டாட் முதல் கூட்டம். முதல்ல மாட்டினது குப்பை அள்ளுற பிரிவு.

ஏற்பாடு இதுதான். நகராட்சிக் கட்டடத்துல ஆறாவது மாடியில ஒரு ரூம். முன்னாடி பேச்சாளர் மேடை, பின்னாடி ரெண்டு பெரிய திரை. ஒவ்வொரு துறைத் தலைவரும் ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை அங்கே வந்து நிக்கணும். சில நாள் முன்னாடியே துறையோட கணக்கு எக்ஸெல்ல வந்துடணும். எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிஞ்சது, எத்தனை பேர் லீவு, எத்தனை மணி நேரம் ஓவர்டைம். சின்னதா ஒரு ஆய்வுக்குழு அதை உட்கார்ந்து துருவும். தேவைப்பட்டா தெருவுக்கே போய் போட்டோ எடுத்துட்டு வரும். "அந்தக் குப்பையை அள்ளிட்டோம்"னு துறை சொல்லும்போது, அள்ளாத குப்பையோட போட்டோ திரையில வரும். நினைச்சுப் பாருங்க!

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச ஒரு விஷயம், எதிர்ல யார் உட்கார்ந்திருந்தாங்கங்கிறது. மேயர் இல்லைன்னா துணை மேயர். கூடவே நிதி, சட்டம், பணியாளர் துறை, கணினித் துறை எல்லாத்தோட தலைவர்களும். "வண்டி வாங்கப் பணம் இல்லை"ன்னு ஒருத்தர் சொன்னா, பணம் வச்சிருக்கிறவர் அதே மேஜையில இருக்கார். "லெட்டர் போட்டிருக்கோம், பதில் வரலை"ங்கிற பேச்சுக்கே இடமில்லை. பெரிய சாஃப்ட்வேர் எதையும் வாங்கலை. கடையில கிடைக்கிற எக்ஸெல், ஒரு மேப் சாஃப்ட்வேர், அவ்வளவுதான். கோடிக்கணக்குல டாஷ்போர்டு விற்கிற கம்பெனிகள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போயிடலாம்.

பலன் இருந்துச்சா? இருந்துச்சு. முதல் வருஷத்துல 1.3 கோடி டாலர் மிச்சம்னு நகராட்சி கணக்குச் சொன்னது. அதுல ஒரு பங்கு ஓவர்டைம்ல குறைஞ்சது. ரோட்டுல குழின்னு போன் பண்ணினா 48 மணி நேரத்துல மூடுவோம்னு ஊருக்கே வாக்குக் கொடுத்தாங்க. 1996-லேயே போலீஸுக்காகத் தொடங்கின 311-ங்கிற போன் நம்பரை எல்லாச் சேவைக்கும் விரிச்சாங்க. புகார் சொன்னா கையில ஒரு எண். அந்த எண் நேரா ஆறாவது மாடிக் கணக்குல வந்து உட்காரும். 2004-ல் ஹார்வர்டு, அரசாங்கப் புதுமைக்கான விருதைக் கொடுத்தது. பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்துட்டுப் போனாங்க. ஓமாலி 2007-ல் மேரிலாண்ட் கவர்னர் ஆனதும் ஸ்டேட்ஸ்டாட்னு மாநிலம் முழுக்க இதையே கொண்டுபோனார்.

எண்ணினது எது?

இதோட நிறுத்தினா இது விளம்பரப் பதிவு ஆயிடும். மறுபக்கத்தையும் பார்த்துடுவோம்.

முதல்ல நியூயார்க். மேடையில நிக்கிற அதிகாரிக்கு எண் குறையணும். குற்றத்தைக் குறைக்கிறது கஷ்டம், எண்ணைக் குறைக்கிறது சுலபம். கொள்ளையைத் "தொலைஞ்சு போன பொருள்"னு எழுது, புகார் கொடுக்க வர்றவங்களைத் திருப்பி அனுப்பு. ப்ரூக்ளின்ல 81-வது வட்டாரத்துல வேலை பார்த்த ஒரு போலீஸ்காரர் தன் ஸ்டேஷன்ல நடக்குறதையெல்லாம் ரகசியமா ரெக்கார்ட் பண்ணி வச்சார். 2009 அக்டோபர்ல மேலதிகாரிகள் அவரை வீட்டிலேர்ந்து இழுத்துட்டுப் போய் மனநல மருத்துவமனையில சேர்த்தாங்க. 2010-ல் அந்தப் பதிவுகள் பத்திரிகையில வெளிவந்தது. 2015-ல் நகரம் அவருக்கு 6 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடிச்சுக்கிச்சு. சுவர்ல கிரேயான்ல குறி போட்டது உண்மையைத் தெரிஞ்சுக்க. அதே குறிகள் அதிகாரியோட தலைவிதியைத் தீர்மானிக்க ஆரம்பிச்சதும், உண்மையைச் சொன்னவர் பைத்தியக்காரர் ஆனார்.

இப்போ பால்டிமோர். ஓமாலி மேயராகும்போது, 2002-க்குள்ள கொலைகளை 175-ஆக் குறைப்பேன்னு சொல்லியிருந்தார். 2000-ல் எண்ணிக்கை 300-க்குக் கீழே வந்தது, ஆனா 2002-லயும் 250-ஐ ஒட்டித்தான் நின்னுச்சு. கொலை சொன்ன பேச்சைக் கேட்காது. கைது கேட்கும், எத்தனை வேணுமோ அத்தனை பண்ணலாம். 2005-ல் அந்த நகரத்துல ஒரே வருஷத்துல ஒரு லட்சத்துக்கும் மேல கைதுகள். ஊரோட ஜனத்தொகை ஆறரை லட்சம்கூட இல்லை! வாசப்படியில உட்கார்ந்திருந்தவன், தெருமுனையில நின்னவன்னு பிடிச்சுட்டுப் போனாங்க. பல கேஸ்ல குற்றப்பத்திரிகைகூட இல்லாம விட்டாங்க. பிடிபட்டவங்கள்ல பெரும்பாலானவங்க கறுப்பின இளைஞர்கள். 2006-ல் மனித உரிமை அமைப்புகள் வழக்குப் போட்டாங்க. 2010-ல் நகரம் 8,70,000 டாலர் கொடுத்து சமரசம் பண்ணிக்கிச்சு. 2015-ல் போலீஸ் காவல்ல ஃப்ரெடி கிரே இறந்து ஊரே பற்றி எரிஞ்ச பிறகு, மத்திய நீதித்துறை விசாரிச்சு 2016-ல் அறிக்கை கொடுத்தது. அந்தப் பழைய கைது வெறியோட தழும்பு போலீஸ்ல இன்னும் இருக்குன்னு அதுல எழுதினாங்க.

ஓமாலி தரப்பு, அந்த வருஷங்கள்ல வன்முறைக் குற்றம் குறைஞ்சதுன்னு பதில் சொல்லும். குறைஞ்சதுதான். ஆனா என் கேள்வி வேற. ரோட்டுக் குழியை எண்ணினப்போ குழி மூடுச்சு. கைதை எண்ணினப்போ கைது பெருகுச்சு. ரெண்டுக்கும் பின்னாடி அதே பாணிக் கூட்டம், அதே விடாப்பிடிக் கேள்விதான். மெஷின் ரெண்டு தடவையும் ஒழுங்காத்தான் வேலை செஞ்சது. "தப்பாப் பிடிபட்டவங்க எத்தனை பேர்?"னு ஒரு கட்டம் அந்த ஷீட்ல இருந்திருந்தா, ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை யாராவது மேடையில நின்னு பதில் சொல்லியிருப்பாங்க. எந்தக் கட்டத்தைப் போடுறதுங்கிறது எக்ஸெல் விஷயம் இல்லைங்க, அரசியல். அடிபடுறவன் அந்த ரூம்ல இல்லாதப்போ அவனோட கட்டமும் ஷீட்ல இருக்காது.

ரூம் இருந்தது, கேள்வி போச்சு

சிட்டிஸ்டாட் அப்புறம் என்ன ஆச்சு? ஓமாலி போன பிறகு வந்த மேயர்களும் அதை மூடலை. ஆறாவது மாடி, ஆய்வுக்குழு எல்லாம் பேருக்கு இருந்துச்சு. ஆனா 2015-ல் பால்டிமோர் சன் பத்திரிகை தோண்டிப் பார்த்தப்போ, பல கூட்டங்கள் ரத்து, அறிக்கைகளும் வெளிவர்றதில்லைன்னு தெரிஞ்சது. நாலாவது விதி ஞாபகம் இருக்கா? விடாம பின்தொடர்ந்து கேட்கணும். அது போனதும் மத்த மூணும் வெறும் அலங்காரம். நம்ம மஞ்சள் கட்டம் மாதிரி.

2015-லேர்ந்து 2022 வரைக்கும் வருஷா வருஷம் கொலைகள் மறுபடியும் 300-ஐத் தாண்டுச்சு. இதுக்கு சிட்டிஸ்டாட் தூங்கினதுதான் காரணம்னு நான் சொல்ல வரலை, அது ரொம்பப் பெரிய கதை. 2020 டிசம்பர்ல மேயரான பிராண்டன் ஸ்காட் காலத்துல இந்தக் கூட்டங்களுக்கு மறுபடி உயிர் வந்துச்சு. 2024-ல் கொலைகள் 201. ஓமாலி 2002-க்குன்னு சொன்ன 175-ஐ விட அதுவும் அதிகம்தான்.

பால்டிமோரைப் பார்த்து ஆரம்பிச்ச ஊர்கள்ல எனக்குப் பிடிச்சது நியூ ஆர்லியன்ஸ். 2005 கத்ரீனா புயலுக்கு அப்புறம் ஆயிரக்கணக்கான வீடுகள் பாழடைஞ்சு கிடந்தது. 2010-ல் மேயர் மிட்ச் லாண்ட்ரூ, 2014-க்குள்ள பாழடைஞ்ச வீடுகள்ல 10,000 குறைப்போம்னு சொல்லி ப்ளைட்ஸ்டாட்னு கூட்டம் போட்டார். வித்தியாசம் என்னன்னா, அங்கே பொதுமக்களும் வந்து உட்காரலாம். பக்கத்து வீடு இடிஞ்சு கிடக்குறதால பாம்பு வருது, எலி வருதுன்னு தவிக்கிறவர் அதே ரூம்ல இருந்தா, அதிகாரி "நடவடிக்கையில் உள்ளது"ன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிப்பாரா இல்லையா?

ஆக, ஒரு நகராட்சி "எங்க கிட்ட டாஷ்போர்டு இருக்கு"ன்னு பெருமையாச் சொன்னா நான் கேட்க நினைக்கிறது மூணே கேள்விதான். அதுல எதை எண்ணுறீங்க? யார் கேள்வி கேட்கிறாங்க? ரெண்டு வாரம் கழிச்சு மறுபடியும் கேட்பாங்களா?

நீங்க இருக்கிற ஊர்ல இப்படி ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. குறிப்பா, குழி நிஜமாவே மூடுச்சான்னு. :-)

கொசுறு: 2002-லேர்ந்து 2008 வரை வந்த 'தி வயர்' சீரியல் பார்த்தவங்களுக்கு அந்தப் போலீஸ் மேடைக் காட்சிகள் ஞாபகம் இருக்கும். ஊர் அதே பால்டிமோர்தான். அதுல துப்பறியும் போலீஸா வர்ற எட் நாரிஸ், நிஜத்துல 2000-ல் நியூயார்க்கிலேர்ந்து வந்து ஓமாலிகிட்ட கமிஷனரா இருந்தவர். பின்னாடி போலீஸ் நிதியைத் தப்பாச் செலவு பண்ணின வழக்குல ஜெயிலுக்கும் போனார். ஊரையே எண்ண வந்தவர்கிட்ட, அவர் செலவை யாரோ எண்ணிப் பார்த்திருக்காங்க!