திராட்சைக்காரரின் நாய்

ஏதென்ஸ் நகருக்கு வடகிழக்கே, பென்டெலிகோன் மலையின் வடசரிவில் இக்காரியா என்றொரு சிற்றூர் பண்டைக் காலத்தில் இருந்தது. 1888-ஆம் ஆண்டு அமெரிக்கத் தொல்லியலாளர்கள் அங்கு அகழ்ந்தபோது டயோனைசஸ் வழிபாட்டிடத்தின் எச்சங்களும் கல்வெட்டுகளும் வெளிப்பட்டன. அருகிலுள்ள இன்றைய ஊரும் அத்தெய்வத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. கிரேக்க நாடகத்தின் முதல் நடிகராகக் கருதப்படும் தெஸ்பிஸின் ஊர் என்ற வகையில் இக்காரியாவை இலக்கிய வாசகர்கள் அறிந்திருக்கலாம். கிரேக்கர்கள் இவ்வூரை மறவாதிருந்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. ஒரு சிறு குடியானவர், அவருடைய மகள், அவர்கள் வளர்த்த நாய் ஆகிய மூவரின் கதை அது.

குடியானவரின் பெயர் இக்காரியோஸ். விருந்தினனாக வந்த டயோனைசஸை அவர் அன்புடன் உபசரித்தார். அதற்குக் கைம்மாறாகத் திராட்சைக் கொடியும் மது செய்யும் முறையும் அவருக்குக் கிடைத்தன. விளைந்த மதுவைத் தோற்பைகளில் நிரப்பி, வண்டியில் ஏற்றிக்கொண்டு, அக்கம்பக்கத்தாருக்கும் கொடுக்கப் புறப்பட்டார். அதுவரை மதுவை அறியாத இடையர்கள் நீர் கலவாமல் நிறையக் குடித்தனர். தலை சுற்றியது, கால்கள் தள்ளாடின. தங்களுக்கு நஞ்சு கொடுத்துவிட்டதாக எண்ணி அவரைக் கொன்றுவிட்டனர். பொழுது விடிந்து போதை தெளிந்தபோது உண்மை விளங்கியது. உடலைப் புதைத்தனர்.

மகள் எரிகோனி தந்தையைத் தேடி அலைந்தாள். அவர் எங்கே கிடக்கிறார் என்பதை அவளுக்கு உணர்த்தியது மைரா என்ற பெட்டை நாய். ஊளையிட்டபடி அவளுடைய ஆடையைப் பற்றி இழுத்துச் சென்று இடத்தைக் காட்டியது. எரிகோனி அங்கிருந்த மரத்தில் தூக்கிட்டுக்கொண்டாள், நாயும் இறந்தது. அப்பொல்லோடோரஸ், ஹைஜீனஸ் ஆகியோரின் பெயர்களில் வழங்கும் தொகுப்புகளில் இக்கதை சிற்சில வேறுபாடுகளுடன் காணப்படுகிறது. எரட்டோஸ்தெனஸ் இதை வைத்து இயற்றிய கவிதை, சில சிதறல்கள் தவிர, அழிந்து போயிற்று. ஏதென்ஸ் பெண்கள் எரிகோனியின் நினைவாக ஊஞ்சலாடும் ஐயோரா என்ற விழாவும் இருந்தது. சைப்ரஸ் தீவின் பாஃபோஸில் 1962-இல் கண்டெடுக்கப்பட்ட ரோமர் காலத்து மாளிகைத் தரையொன்றில், தோற்பைகள் ஏற்றிய மாட்டு வண்டியுடன் இக்காரியோஸ் நிற்கிறார். பக்கத்தில் இரண்டு இடையர்கள் போதையில் சரிந்திருக்கிறார்கள். உலகில் முதன்முதலாக மது அருந்தியவர்கள் இவர்களே என்று அவர்களுக்கு மேலே எழுதி வைத்திருக்கிறார்கள்.

தொன்மத்தை நடந்த நிகழ்ச்சியாகக் கொள்ள இயலாது. ஆயினும் எத்தகைய வாழ்க்கையிலிருந்து இப்படியொரு கதை பிறக்கும் என்பது வரலாற்றுக்கு உரிய வினாவே.

பண்டைய திராட்சைத் தோட்டம் பற்றி நமக்கு மிக விரிவாகச் சொல்பவர்கள் ரோமானிய நூலாசிரியர்கள். கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் எழுதிய கேட்டோ, 100 யூகேரா, அதாவது ஏறத்தாழ 62 ஏக்கர் பரப்புள்ள தோட்டத்துக்கு 16 ஆட்கள் வேண்டும் என்று கணக்கிடுகிறார். காரியக்காரனும் அவன் மனைவியும் அதில் அடக்கம். அடிமை உழைப்பை நம்பிய பண்ணை அது. நாய்களைப் பற்றியும் அவர் சொல்கிறார்: பகலில் கட்டிப்போட்டால்தான் இரவில் விழிப்பாக இருக்கும். கி.பி. முதல் நூற்றாண்டின் கொலுமெல்லா இன்னும் நுணுக்கமானவர். பண்ணைக் காவல் நாய் கறுப்பாக இருந்தால் திருடன் அஞ்சுவான். ஆட்டுக் கிடை நாய் வெண்மையாக இருந்தால் மங்கிய வெளிச்சத்தில் ஓநாய் என்று எண்ணி அடித்துவிட மாட்டார்கள். கூப்பிட்டவுடன் உணரும்படி பெயர் சிறிதாக இருக்க வேண்டும். பயனுள்ள அறிவுரைகள்தாம். ஆனால் தோட்டத்தில் வசிக்காத முதலாளிக்காக எழுதப்பட்டவை. தானே கொத்தி, தானே கவாத்து செய்து, மகளையும் நாயையும் துணையாகக் கொண்டு வாழ்ந்தவனின் குரலை இந்நூல்களில் நாம் கேட்பதில்லை.

அக்குரலுக்குச் சற்று அருகில் வருபவர் ஹெசியோட். ஏறத்தாழ கி.மு. 700-இல் வாழ்ந்த இவர், போயோட்டியாவில் தாமே நிலம் உழுதவராகத் தம்மைக் காட்டிக்கொள்பவர். கொடியை எப்போது அறுப்பது என்பதற்கு அவர் வானத்தைக் காட்டுகிறார். ஓரியனும் சிரியஸும் நடுவானை அடைய, நாம் சுவாதி என்றழைக்கும் ஆர்க்டூரஸ் விடியலில் தோன்றும்போது குலைகளை அறுத்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பத்து நாள் வெயிலில் காட்டி, ஐந்து நாள் நிழலில் மூடி வைத்து, ஆறாம் நாள் சாற்றைக் கலங்களில் நிரப்ப வேண்டும்.

இக்காரியோஸின் கதை முடியும் இடத்தை இத்துடன் சேர்த்துப் பார்க்கலாம். ஹைஜீனஸ் கூறும் வடிவில், இறந்த மூவரும் விண்மீன்களாகின்றனர். ஆர்க்டூரஸ் ஒளிரும் பூட்டிஸ் மண்டலம் தந்தை. கன்னி மண்டலம் மகள். அதிலுள்ள ஒரு விண்மீனுக்குத் திராட்சை பறிப்பவர் என்னும் பொருளிலேயே பழங்காலம் தொட்டுப் பெயர் வழங்குகிறது. மைராவைச் சிலர் புரோசியோன் என்றனர்; ஓவிட் போன்றோர் சிரியஸ் என்றனர். ஹெசியோட் இக்கதையைக் கூறவில்லை. எனினும் அறுவடைக்கு நாள் குறிக்கும் அதே வானத்தில் இந்தக் குடும்பம் குடியேறியிருப்பதைத் தற்செயல் என்று ஒதுக்க மனம் வரவில்லை. ஏடெழுதத் தெரியாத குடியானவர், ஆண்டுதோறும் தவறாமல் அண்ணாந்து பார்க்க வேண்டிய இடத்தில் தம்மவரை வைத்துவிட்டார் என்றே தோன்றுகிறது.

ஹோமரிடமும் கொடியும் நாயும் சாட்சிகளாகவே வருகின்றன. 20 ஆண்டுகளுக்குப் பின் பிச்சைக்கார வேடத்தில் திரும்பும் ஒடிசியஸை, எருக்குவியலில் கிடக்கும் கிழட்டு நாய் ஆர்கோஸ் அடையாளம் கண்டு, வாலை அசைத்து, உயிர் விடுகிறது. ஒட்டுப்போட்ட உடையுடன் தோட்டத்தில் கொத்திக்கொண்டிருக்கும் தந்தை லயர்டீஸ் அடையாளம் கேட்கிறார். காலில் உள்ள தழும்பைக் காட்டிய மகன், சிறுவயதில் தந்தை தனக்கென்று கொடுத்த மரங்களையும், வெவ்வேறு பருவங்களில் பழுக்கும் 50 வரிசைக் கொடிகளையும் எண்ணிச் சொல்கிறான். முதியவரின் முழங்கால்கள் தளர்கின்றன.

இத்தகைய தோட்டங்களுக்குக் கேடு வந்தது கி.மு. 431-இல். பெரிக்ளிஸின் யோசனைப்படி நாட்டுப்புற மக்கள், வீடுகளின் மரச்சட்டங்களைக்கூடப் பெயர்த்து எடுத்துக்கொண்டு மதிலுக்குள் குடியேறினர். ஸ்பார்ட்டப் படை பார்னஸ் மலைக்கும் பென்டெலிகோன் மலைக்கும் இடைப்பட்ட ஊர்களைப் பாழாக்கியது என்று தூசிடிடீஸ் எழுதுகிறார். இக்காரியா இருந்த பக்கம் அது. ஆடுமாடுகளைத் தீவுகளுக்கு அனுப்பியதைச் சொல்லும் அவர், நாய்களைப் பற்றி அவ்விடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. பத்தாண்டுகள் கழித்து, கி.மு. 421-இல் அரிஸ்டோஃபனிஸ் 'அமைதி' என்ற நாடகத்தை அரங்கேற்றியபோது, வானேறிச் சென்று அமைதித் தெய்வத்தை மீட்டு வரும் வேலையை ஒரு திராட்சைக் குடியானவனிடமே ஒப்படைத்தார். தளபதியையோ பேச்சாளரையோ அவர் அனுப்பவில்லை. கொடிக்கு அடுத்த ஆண்டும் கவாத்து செய்ய வேண்டும் என்ற கவலை உள்ளவன் அவன்தான்.