அழற்சியும் நச்சகற்றலும்: காரண வரிசை குறித்த ஒரு மறுபரிசீலனை

1. சிக்கல்

நாட்பட்ட அழற்சிக்கும் உடலின் நச்சகற்றலுக்கும் உள்ள தொடர்பு குறித்து இன்று பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இது: உணவு, காற்று, மருந்து வழியாக நச்சுகள் உடலில் தேங்குகின்றன, தேங்கிய நச்சு அழற்சியை மூட்டுகிறது, ஆகவே குடலையும் கல்லீரலையும் சுத்தம் செய்தால் அழற்சி தணியும். 'டீடாக்ஸ்' என்ற பெயரில் விற்கப்படும் பானங்களும் பொடிகளும் இந்த விளக்கத்தின் மீதே நிற்கின்றன. இந்தக் காரண வரிசையைப் பொதுவிதியாகக் கொள்ளப் போதிய சான்று இல்லை. எதிர்த்திசையில்தான் வலுவான சான்று இருக்கிறது: அழற்சியே கல்லீரலின் நச்சகற்றும் திறனைக் குறைக்கிறது. இதை ஏற்றுக்கொண்டால் சிகிச்சையின் இலக்கும் மாறியாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. நச்சகற்றல் நடக்கும் முறை

வேதிப்பொருட்களை உடல் எப்படி மாற்றி வெளியேற்றுகிறது என்ற ஆய்வுக்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவர் உயிர்வேதியியலாளர் ஆர். டி. வில்லியம்ஸ். 1947இல் வெளியான அவரது 'டீடாக்சிகேஷன் மெக்கானிசம்ஸ்' நூல் இத்துறையின் மூலநூலாகக் கருதப்படுகிறது. அவர் வகுத்த இரு கட்டப் பகுப்பு இன்றும் பாடநூல்களில் உள்ளது. முதற்கட்டத்தில் சைட்டோகுரோம் பி450 குடும்ப நொதிகள் ஒரு பொருளை ஆக்சிஜனேற்றம் செய்து வினைபுரிய ஏதுவாக்குகின்றன. இரண்டாம் கட்டத்தில் அதனுடன் குளூக்குரோனிக் அமிலம், சல்பேட், குளூட்டாதையோன் ஆகியவற்றுள் ஒன்று இணைக்கப்பட, அது நீரில் கரையும் தன்மை பெறுகிறது. பிறகு பித்தநீர் வழியாகவோ, நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டும் சிறுநீரகங்கள் வழியாகவோ வெளியேறுகிறது.

இந்த முறையின் நுட்பத்தைப் பாராசிட்டமாலில் தெளிவாகக் காணலாம். வழக்கமான அளவில் உட்கொள்ளும்போது அதன் பெரும்பகுதி நேரடியாக இரண்டாம் கட்ட இணைப்புக்குச் சென்று தீங்கின்றி வெளியேறுகிறது. சிறுபகுதி மட்டும் பி450 நொதிகளால் 'நாப்கி' எனப்படும் கொடிய நச்சாக மாறுகிறது. அதாவது, நச்சு உருவாவதே கல்லீரலின் முதற்கட்ட வேலையால்தான். உடனே குளூட்டாதையோன் அதைப் பிடித்துச் செயலிழக்கச் செய்கிறது. அளவுக்கு மீறி விழுங்கியவருக்குக் குளூட்டாதையோன் இருப்பு தீர்ந்துவிடும். நாப்கி கல்லீரல் செல்களைத் தாக்கி அழிக்கும். குளூட்டாதையோனை மீட்டளிக்கும் என்-அசிட்டைல்சிஸ்டீனை எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் பெரும்பாலும் கல்லீரலைக் காப்பாற்றிவிடலாம்.

நச்சகற்றல் என்று உரிமை கோரும் எதையும் உரசிப் பார்க்க இந்த எடுத்துக்காட்டிலிருந்து மூன்று கேள்விகள் கிடைக்கின்றன. எந்த நச்சு? எந்த வழியே வெளியேறுகிறது? வெளியேறியதை எப்படி அளந்தீர்கள்? வணிக டீடாக்ஸ் திட்டங்கள் குறித்து 2015இல் வெளிவந்த ஒரு திறனாய்வு, அவற்றின் பயனை மனிதர்களிடம் சோதித்த சமவாய்ப்புக் கட்டுப்பாட்டு ஆய்வு ஒன்றுகூடத் தங்களுக்குக் கிடைக்கவில்லை எனப் பதிவுசெய்தது. முதற்கேள்விக்கே விடை சொல்லாத பொருட்கள் அடுத்த இரண்டையும் எட்டுவதில்லை.

3. அழற்சியின் பிடியில் கல்லீரல்

காயத்திலோ கிருமித்தொற்றிலோ எழும் குறுகியகால அழற்சி உடலைக் காப்பது. அது தானாக ஓய்ந்துவிடுவதும் இல்லை. ஓயச் செய்வதற்கென்றே தனி ஏற்பாடு உண்டு. இறந்த வெள்ளணுக்களை மேக்ரோஃபேஜ்கள் விழுங்குகின்றன. ஒமேகா-3 கொழுப்பமிலங்களிலிருந்து உருவாகும் 'ரிசால்வின்' போன்ற மூலக்கூறுகள், அழற்சியை முடித்துவைக்கும் சமிக்ஞையைத் தருகின்றன. இந்த முடிவுகட்டும் வேலை நிறைவேறாதபோதும், புகைபிடித்தல், வயிற்றுக் கொழுப்பு, தீராத தொற்று, தன்னெதிர்ப்பு நோய் போன்ற தூண்டுதல் தொடரும்போதும் அழற்சி நாட்பட்டதாகிறது.

அப்போது கல்லீரல் முன்னுரிமைகளை மாற்றிக்கொள்கிறது. இன்டர்லூக்கின்-6 என்னும் சைட்டோகைன் வந்தடைந்ததும் சி-ரியாக்டிவ் புரதம், ஃபைப்ரினோஜன் ஆகியவற்றின் உற்பத்தி உயர்கிறது. பல பி450 நொதிகளுக்கான மரபணுக்களின் வெளிப்பாடு தாழ்கிறது. இது ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடும் செய்தி அன்று. 1980இல் அமெரிக்காவின் சியாட்டில் வட்டாரத்தில் இன்ஃப்ளுயன்சா பி பரவியபோது, ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் எடுத்துவந்த குழந்தைகள் சிலருக்கு மருந்து நச்சுத்தன்மை ஏற்பட்டது. அதுவரை ஒத்துக்கொண்ட மருந்தளவை, காய்ச்சல் கண்ட உடலால் பழைய வேகத்தில் வெளியேற்ற முடியவில்லை. மனநோய் மருந்தான குளோசாப்பினின் இரத்த அளவு தொற்றின்போது ஏறிவிடுவதும் இன்று நன்கறிந்த ஆபத்து.

நாட்பட்ட அழற்சியிலும் இதுவே நிகழ்கிறது என்பதற்கான மிகத் துலக்கமான சான்று முடக்குவாத நோயாளிகளிடமிருந்து கிடைத்தது. கொலஸ்ட்ரால் மருந்தான சிம்வாஸ்டாட்டினைச் சிதைப்பது பி450 குடும்பத்தின் 3ஏ4 நொதி. இன்டர்லூக்கின்-6இன் ஏற்பியைத் தடுக்கும் டோசிலிசுமாப் மருந்தை முடக்குவாத நோயாளிகளுக்கு ஒருமுறை செலுத்தி, ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, அவர்கள் இரத்தத்தில் சிம்வாஸ்டாட்டினின் அளவு 57 விழுக்காடு குறைந்திருந்தது. ஏறக்குறைய ஆரோக்கியமானவர்களின் நிலைக்கே வந்துவிட்டது. டோசிலிசுமாபின் அதிகாரபூர்வ மருந்துக் குறிப்பிலேயே இந்தத் தகவல் எச்சரிக்கையாக இடம்பெற்றுள்ளது. இங்கே கல்லீரலைச் 'சுத்தம்' செய்ய எதுவும் தரப்படவில்லை. அழற்சியின் சமிக்ஞையைத் தடுத்ததுமே, அடங்கிக் கிடந்த நொதி தன் வேலைக்குத் திரும்பியது. மேற்சொன்ன மூன்று கேள்விகளுக்கும் இந்தச் சான்றில் விடை உண்டு: பொருள் தெரியும், வழி தெரியும், அளவீடும் உண்டு.

அழற்சி வெறும் அடையாளமா, நோய்க்கே காரணமா என்ற ஐயத்துக்கும் 2017இல் வெளியான கான்டோஸ் ஆய்வு பெருமளவு விடை தந்தது. மாரடைப்பு வந்து, சி-ரியாக்டிவ் புரதம் உயர்ந்திருந்த 10,061 பேரிடம் நடந்த சோதனை அது. இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் தடுக்கும் கனகினுமாப், 150 மில்லிகிராம் அளவில், கொலஸ்ட்ராலைக் குறைக்காமலே மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவற்றின் கூட்டு நிகழ்வை 15 விழுக்காடு குறைத்தது. அதே சோதனையில் தொற்றால் நேர்ந்த மரணங்கள் சற்றுக் கூடின. அழற்சியை அடியோடு ஒழிப்பது இலக்காக முடியாது என்பதையும் அது உணர்த்தியது.

4. மறுதரப்பின் வலிமையான வாதம்

நச்சுகளே அழற்சிக்குக் காரணமாகும் சூழல்கள் இல்லையா? உண்டு. புகையிலைப் புகையும் காற்றின் நுண்துகள்களும் அழற்சியைத் தூண்டுகின்றன. ஈயம் எலும்பில் பல ஆண்டுகள் தங்குகிறது. கடுமையான ஈய நச்சுக்கு மருத்துவமனைக் கண்காணிப்பில் தரப்படும் உலோகப் பிணைப்பு மருந்துகள் தேவை.

உணவால் நச்சகற்றலை ஊக்குவிக்க முடியும் என்பதற்கும் நேர்மையான சான்று ஒன்று இருக்கிறது. சீனாவின் ஜியாங்சு மாகாணத்திலுள்ள சிடோங் பகுதியில் 291 பேரிடம் பன்னிரண்டு வாரம் நடந்த ஆய்வின் முடிவுகள் 2014இல் வெளிவந்தன. பிராக்கோலி முளைப் பானம் அருந்தியவர்களின் சிறுநீரில், ஒப்பீட்டுக் குழுவினரைவிட, பென்சீனின் கழிவுப்பொருள் 61 விழுக்காடும் அக்ரோலீனின் கழிவுப்பொருள் 23 விழுக்காடும் கூடுதலாக வெளியேறின. முளையிலிருந்து கிடைக்கும் சல்ஃபோராஃபேன், 'என்ஆர்எஃப்2' என்ற புரதம் வழியாக இரண்டாம் கட்ட நொதிகளைத் தூண்டுவதே இதற்கான விளக்கம். மூன்று கேள்விகளுக்கும் விடை தரும் இந்த ஆய்வை மதிக்க வேண்டும். ஆயினும் பெயர் குறித்த சில மாசுகளின் வெளியேற்றத்தைத்தான் அது அளந்தது. நாட்பட்ட நோய் குணமானதை அன்று. பெயரில்லாத நச்சுகளைப் போக்குவதாகச் சொல்லும் பொடிக்கு இந்த முடிவைச் சான்றாக்கக் கூடாது.

5. இயற்கை என்ற சொல் தரும் பாதுகாப்பு

மூலிகையால் நன்மை இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லை என்ற நம்பிக்கையையும் சோதித்தாக வேண்டும். கோவிட் காலத்தில் நோயெதிர்ப்பைக் கூட்டும் என்று நம்பி இந்தியாவில் பலர் சீந்தில் கொடியின் சாற்றையும் பொடியையும் உட்கொண்டனர். 2021இல் மும்பை மருத்துவர்கள், அவ்வாறு உட்கொண்ட ஆறு பேருக்கு ஏற்பட்ட கல்லீரல் அழற்சியைப் பதிவுசெய்தனர். அடுத்த ஆண்டு பதின்மூன்று மையங்களின் கூட்டாய்வு 43 நோயாளிகளை விவரித்தது. தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சியை ஒத்த தன்மை பலரிடம் காணப்பட்டது. ஆயுஷ் அமைச்சகம் இந்தத் தொடர்பை மறுத்தது. தோற்றத்தில் ஒத்த வேறு கொடியுடன் குழப்பம் நேரக்கூடும் என்றும் சுட்டியது. அந்த வாதத்தை ஏற்றாலும், வாங்குபவருக்குக் கிடைப்பது எந்தக் கொடி என்று தெரியாத நிலையே ஆபத்துக்குப் போதுமானது. அழற்சியால் ஏற்கெனவே திறன் தாழ்ந்த கல்லீரலிடம், கூறுகள் தெரியாத இன்னொரு சாற்றையும் கையாளச் சொல்வது சிகிச்சையாகாது.

6. முடிவு

நாட்பட்ட அழற்சி உள்ளவரிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, அழற்சியின் ஊற்று எது என்பதே. புகையிலையை விடுதல், வயிற்றுக் கொழுப்பைக் குறைத்தல், ஈறு நோயையும் தங்கிய தொற்றையும் குணப்படுத்துதல், முடக்குவாதத்துக்கு உரிய மருந்தைத் தாமதமின்றித் தொடங்குதல் ஆகியவை ஊற்றை அடைக்கும் வழிகள். கல்லீரலின் திறன் மீள்வது அவற்றைத் தொடர்ந்து வரும் பயன். அழற்சி ஏறும்போதும் தணியும்போதும் மருந்தின் இரத்த அளவு மாறும் என்பதால், தியோஃபிலின், குளோசாப்பின் போன்ற மருந்துகளை எடுப்போருக்கு அளவை மறுபரிசீலனை செய்வது மருத்துவர்களின் வழக்கமாக வேண்டும். தாங்கள் உட்கொள்ளும் சாறு, பொடி அனைத்தையும் மருத்துவரிடம் சொல்லும் துணிவை நோயாளிகள் பெற வேண்டும். கடிந்துகொள்ளாமல் கேட்கும் பொறுமை மருத்துவர்களுக்கு வேண்டும். உடலின் நச்சகற்றலை மதிப்பவர்கள், அதன் பெயரால் விற்கப்படும் ஒவ்வொன்றிடமும் அந்த மூன்று கேள்விகளுக்கு விடை கேட்கக் கடமைப்பட்டவர்கள்.