தலைமன்னாரில் இருந்து நடந்து போன காலம்

 

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து தேநீர்க் கடையில் நின்றபோது ஒரு நானா கேட்டார்: "காலநிலை மாறுது மாறுது எண்டு பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறீங்க சேர். அது எப்பவும் மாறினதுதானே? ஒருகாலத்தில தலைமன்னாரில இருந்து இராமேஸ்வரத்துக்கு நடந்தே போகலாமாம். அப்ப யார் வாகனம் ஓட்டினது, யார் நிலக்கரி எரிச்சது?" எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அது நல்ல கேள்வி. நின்ற நிலையில் பதில் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்து வாசியுங்கள்.

நானா சொன்னது உண்மை. ஏறத்தாழ 20,000 வருடங்களுக்கு முன், பூமியின் வடபகுதி பனியால் மூடிக் கிடந்தபோது, கடல் மட்டம் இன்றையதைவிட சுமார் 120 மீற்றர் கீழே இருந்தது. பாக்கு நீரிணையோ பெரும்பாலும் 15 மீற்றர் ஆழம்கூட இல்லாத கடல். ஆகவே நமது கரையில் இருந்து தொண்டி வரைக்கும் அன்று தரைதான். பூமி சூரியனைச் சுற்றும் பாதையும் அதன் சாய்வும் பல்லாயிரம் வருடங்களில் மெதுவாக மாறுவதே பனி வளர்ந்து உருகக் காரணம் என்று மிலன்கோவிச் என்ற சேர்பிய அறிஞர் கணக்குப் போட்டுக் காட்டினார். பனி உருகி, 7,000 - 8,000 வருடங்களுக்கு முன்னர் கடல் இடையில் புகுந்து நம்மைத் தீவாக்கியது. அதில் மனிதனின் கை இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அன்று கடல் ஏறிய வேகம் இன்றைய வேகத்தைவிட அதிகம். ஆனால் அன்று இங்கிருந்தவன் குடிசையைப் பிரித்துக்கொண்டு மேட்டுக்குப் போனான். இன்று ஏ-32 வீதி, வயல், பள்ளிவாசல், கோயில், தேவாலயம், கிணறு எல்லாம் இதே தாழ்ந்த கரையில் நிற்கின்றன.

எரிமலையும் ஒரு காரணம்தான். 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா வெடித்தபோது அதன் கந்தகப் புகை வெயிலை மறைத்தது. மறுவருடம் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. ஆனால் எரிமலை உலகைக் குளிர வைக்கும், அதுவும் ஓரிரு வருடங்களுக்கு மட்டும். இன்றைய சூட்டுக்கு அது கணக்கில்லை.

நமது மண்ணுக்கு மிக நெருக்கமான கதை 1876 - 78 பஞ்சம். பசுபிக் சமுத்திரத்தின் நீர் வழக்கத்துக்கு மாறாகச் சூடாகும் எல் நினோ அப்போது மிகக் கடுமையாக இருந்தது. தென்னிந்தியாவில் பருவமழை பொய்த்தது. இந்தியாவில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. மழை நின்றது இயற்கை. ஆனால் மக்கள் பட்டினியால் சாகும்போதே, லிட்டன் பிரபுவின் ஆட்சியில், இந்தியத் தானியம் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு வானத்தைக் குற்றம் சொல்ல முடியாது.

அந்தப் பஞ்சத்துக்குத் தப்பியவர்களில் பெருந்தொகையானோர் தோணியேறி மன்னார்க் கரையில்தான் இறங்கினார்கள். மதவாச்சி, தம்புள்ளை வழியாகக் காட்டுப்பாதையில் மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். அந்தப் பாதையில் பஞ்சத்துக்கு முன்பிருந்தே வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் விழுந்தவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. நடந்து போய்ச் சேர்ந்தவர்கள் வேலை செய்தது கோப்பித் தோட்டங்களில். அந்தத் தோட்டங்களோ மலைநாட்டுக் காட்டை அழித்து உண்டானவை. காடு வைத்திருந்த காபன் புகையாக வானத்துக்குப் போனது. இயற்கையால் துரத்தப்பட்ட மனிதனின் கையாலேயே அடுத்த மாற்றத்துக்கான வேலையும் நடந்தது. இந்தப் பாடத்தை வகுப்பில் எடுக்கும்போது நான் ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன்.

காட்டைவிடப் பெரிய கணக்கு நிலக்கரியும் எண்ணெயும். காபனீரொட்சைட்டு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பது இன்று நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. ஜோன் டின்டல் 1859இலேயே பரிசோதித்துக் காட்டினார். கைத்தொழிற் புரட்சிக்கு முன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் அது சுமார் 280 பங்கு. 1958இல் ஹவாய்த் தீவில் சார்ள்ஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது 315. இப்போது 420ஐயும் தாண்டிவிட்டது. அந்தாட்டிக்காவின் பனிக்கட்டிக்குள் அடைபட்ட பழைய காற்றை ஆராய்ந்தால், கடந்த 8 இலட்சம் வருடங்களில் 300ஐ ஓரளவு எட்டியதே பெரிது.

"சூரியன்தான் கூடச் சுடுகிறதோ?" என்று கேட்கலாம். 1978 முதல் செய்மதிகள் சூரியனை அளக்கின்றன. அதன் ஒளி கூடவில்லை. சூரியன் காரணமென்றால் வளிமண்டலம் மேலும் கீழும் சேர்ந்து சூடாக வேண்டும். நடப்பதோ கீழே சூடு, மேலே படைமண்டலத்தில் குளிர்ச்சி. போர்வை போர்த்தால் உள்ளே சூடு தங்கும், வெளியே குறையும். அதே கதைதான்.

பனிக்காலம் முடிய உலகம் 5 பாகை செல்சியஸ் அளவு சூடாவதற்கு ஏறத்தாழ 10,000 வருடங்கள் எடுத்தது. நாம் 150 வருடங்களுக்குள் 1 பாகையைத் தாண்டிவிட்டோம். நானாவுக்கு என் பதில் இதுதான்: முன்பும் மாறியது, இப்போதும் மாறுகிறது, இரண்டுக்கும் காரணம் ஒன்றல்ல. காட்டுத்தீ மின்னலாலும் வரும், ஆளாலும் வரும்.

இதில் இலங்கையின் பங்கு மிகச் சிறிது. ஆனாலும் 90இல் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்த நமக்கு, நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் புகைபோக்கி தெரியாததல்ல. ஊருக்குத் திரும்பிய பின் எரிகிற நமது மின்குமிழிலும் அதன் பங்கு இருக்கிறது.

எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் எழுதுவதும் பிழை. தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர்ப் புயலைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தனியொரு புயலை வைத்துக் காலநிலையைத் தீர்மானிக்க முடியாது. கிணறு உவர்ப்பாவதற்கும் கடல் ஏறுவது ஒரு காரணம். அளவுக்கு மீறி மோட்டர் போட்டு இறைப்பது இன்னொரு காரணம். எது எங்கே என்று பார்க்கப் பழைய தகவல் வேண்டும்.

அதனால் ஒரு உதவி கேட்கிறேன். உங்கள் வளவுக் கிணறு எந்த வருடம் தோண்டியது, எத்தனை முழத்தில் தண்ணீர் வந்தது, எப்போது உவர்ப்புத் தட்டியது, பெரும்போகத்துக்கு முன்பு எந்த மாதம் விதைத்தீர்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள். பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒரு கொப்பி போட்டு எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். இதுவரை ஏழு கிணறு வந்திருக்கிறது.

தேநீர்க் கடை நானாவின் கிணறு இன்னும் வரவில்லை.