திதி பார்த்துப் புறப்படுவோம்: இமயத்துப் பௌத்த விழாக்களும் யாத்திரையும்

இமயமலைச் சாரலில் நடக்கும் பௌத்த விழாக்களுக்குப் போக விரும்பும் அன்பர்களுக்கு வழிகாட்டும்படி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் பணித்திருக்கிறார்கள். பகவன் புத்தரின் வரலாறும் நால்வகை வாய்மையும் எண்வகை நெறியும் இம்மலரை விரிக்கும் கைகளுக்குப் புதியவை அல்ல. 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் தொடங்கிவைத்த பணியையும் இங்கே எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே நேரே பஞ்சாங்கத்துக்குப் போகலாம்.

பஞ்சாங்கம்தான் இந்த யாத்திரையின் முதல் சாமான். விமானச் சீட்டை வாங்கிவிட்டு, அந்த வாரத்தில் எங்கே என்ன விழா என்று தேடுகிறவர் பெரும்பாலும் காலி முற்றத்தைத்தான் பார்த்துவிட்டுத் திரும்புவார். லடாக், ஸ்பிதி, சிக்கிம், பூட்டான், நேபாளத்தின் ஷெர்ப்பா நாடு என எங்கே போனாலும் மடாலய விழாக்கள் சந்திரனைப் பார்த்தே வருகின்றன. ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் நகரும், திதி நகராது.

இதில் தமிழ் வாசகருக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. திபெத்திய மாதம் அமாவாசைக்கு மறுநாள் பிறக்கிறது. அதன் 10ஆம் நாள் நம் வளர்பிறைத் தசமி; 15ஆம் நாள் பௌர்ணமி; 29ஆம் நாள் தேய்பிறைச் சதுர்த்தசி. குரு பத்மசம்பவருக்குரிய ‘செச்சு’ விழாக்கள் தசமியை ஒட்டியும், தீமைகளைக் களைந்து எரிக்கும் ‘குஸ்தோர்’ விழாக்கள் சதுர்த்தசியை ஒட்டியும் வருவதால், தினசரி நாட்காட்டியின் தாளைக் கிழிக்கும் எந்த வீட்டிலும் இவற்றைக் கணித்துவிடலாம். சான்றாக, 2025இல் லடாக்கின் ஹெமிஸ் மடத்துச் செச்சு விழா ஜூலை 5, 6 ஆகிய நாள்களில் நடந்தது. அதற்கு முந்தைய அமாவாசை ஜூன் 25. பத்து நாள் கூட்டினால் விழா நாள் வந்துவிடுகிறது. சூரிய உதயத்தைத் தொடாத திதியை விட்டுவிடுவதும், இரண்டு உதயங்களைத் தொடும் திதியை இருமுறை எண்ணுவதும் அங்கேயும் உண்டு.

பொருத்தம் இதோடு நிற்கவில்லை. திபெத்தியர் தங்கள் அறுபதாண்டுச் சுற்றை, காலச்சக்கர தந்திரத்தின் வழிநின்று, கி.பி. 1027இலிருந்து எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கில் பதினேழாவது சுற்று 1987இல் தொடங்கியது. நம் பிரபவ ஆண்டு பிறந்ததும் அதே 1987இல்தான். இமயத்துக்கு அப்பால் ஒரு லாமாவும் காவிரிக் கரையில் ஒரு பஞ்சாங்கக்காரரும் ஒரே அறுபதை ஒரே இடத்தில் தொடங்கி எண்ணிக்கொண்டிருப்பது எத்தனை பெரிய உறவு! தமிழர் பெருமைப்பட்டுக்கொள்ளத் தக்க செய்தி இது.

ஒரே ஓர் எச்சரிக்கை: அதிக மாதம். இந்தியப் பஞ்சாங்கமும் திபெத்தியப் பஞ்சாங்கமும் பூட்டானியப் பஞ்சாங்கமும் அதை ஒரே ஆண்டில் சேர்ப்பதில்லை. 2025இல் இந்தியாவில் புத்த பூர்ணிமா விடுமுறை மே 12. திபெத்திய மரபில் அதற்கு இணையான சாகா தாவா பௌர்ணமி ஜூன் 11. முழுதாக ஒரு மாத வேறுபாடு. அதனால் திதியைக் கணக்கிட்டு வைத்துக்கொண்டாலும், எந்த மாதத்துத் திதி என்பதை அந்தந்த மடாலயத்திலோ உள்ளூர்ச் சுற்றுலா அலுவலகத்திலோ கேட்டு உறுதிசெய்த பிறகே சீட்டு எடுக்க வேண்டும்.

குருவின் தசமி

எட்டாம் நூற்றாண்டில் திபெத்திய மன்னர் திரிசோங் தேத்சென், நாலந்தாவைச் சேர்ந்த சாந்தரட்சிதரையும், உத்தியான நாட்டிலிருந்து பத்மசம்பவரையும் அழைத்தார். சாம்யே மடாலயம் எழுந்தது. இமயமலை முழுவதும் பத்மசம்பவர் ‘குரு ரின்போச்சே’ என்று போற்றப்படுகிறார். அவருடைய வாழ்வின் பெருநிகழ்வுகள் எல்லாம் தசமியில் நிகழ்ந்தன என்பது மரபு. மாதந்தோறும் தசமி வழிபாடு உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை அது பெருவிழாவாகிறது.

லே நகரிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டரில், ஒரு பள்ளத்தாக்கின் மடிப்புக்குள் ஒளிந்திருக்கிறது ஹெமிஸ். துருக்பா காக்யூ மரபைச் சேர்ந்த இம்மடம் பதினேழாம் நூற்றாண்டில் லடாக் மன்னர் செங்கே நம்கியாலின் ஆதரவில் வளர்ந்தது. ஐந்தாம் மாதத் தசமியிலும் ஏகாதசியிலும் அதன் முற்றத்தில் ‘சாம்’ என்னும் முகமூடி நடனம் நடக்கிறது. இருவர் தூக்கிப் பிடித்து ஊதும் நெடிய தாமிர எக்காளங்களும், நாகசுரத்தை நினைவூட்டும் கியாலிங் குழல்களும், பெருந்தாளங்களும் ஒலிக்க, குருவின் எட்டு வடிவங்கள் வரிசையாக முற்றத்துக்குள் இறங்கி வருகின்றன. நடுவே வரும் பெரிய பொன்னிற முகமூடி குரு ரின்போச்சே. அவருக்கு மேலே குடை. அவர் வந்து அமர்ந்ததும் முதியவர்கள் எழுந்து கும்பிடுகிறார்கள். அவர்களுக்கு அது முகமூடி அல்ல. குருவே வந்து அமர்ந்திருக்கிறார்.

இந்த நடனத்தை வேடிக்கை என்று கொள்வது பெரும்பிழை. ஐந்தாம் தலாய் லாமாவே இதற்கு ஓர் இலக்கண நூல் செய்திருக்கிறார். ஆஸ்திரிய அறிஞர் ரெனே தெ நெபெஸ்கி-வோய்கோவிட்ஸ் அதை மொழிபெயர்த்து எழுதிய ஆய்வு, அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் 1976இல் வெளிவந்தது. புறப்படுமுன் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டிய நூல் அது. காலடி எங்கே, கை எங்கே, மனத்தில் எந்தத் தேவதை என்பதெல்லாம் வரையறுக்கப்பட்டவை. நம் பரத சாத்திரத்தில் ஊறியவர்களுக்கு அந்த ஒழுங்கு உடனே பிடிபடும்.

நடனங்களுள் கருந்தொப்பி நடனத்துக்குத் தனியிடம் உண்டு. இதில் முகமூடி இல்லை. அகன்ற கைகளுள்ள பட்டு அங்கியும் கரிய தொப்பியும்தான். 842இல், பௌத்தத்தை ஒடுக்கியவன் என்று மரபு சொல்லும் மன்னன் லாங்தர்மனை, லாலுங் பெல்கி தோர்ஜே என்ற துறவி வீழ்த்திய கதை இதற்குப் பின்னால் இருக்கிறது. வெள்ளைக் குதிரைக்குக் கரி பூசி, அங்கியின் கைக்குள் வில்லை மறைத்து, நடனமாடியபடியே நெருங்கி அம்பை எய்தாராம். ஆற்றைக் கடந்தபோது கரி கரைந்து குதிரை வெள்ளையாகிவிட்டது. அங்கியையும் திருப்பி அணிந்துகொண்டார். துரத்தியவர்களுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. கொல்லாமையை முதற்சீலமாகக் கொண்ட சமயத்தில் இப்படி ஒரு கதையா என்று கேட்கும் அன்பர்கள் இருக்கலாம். அந்தக் கேள்விக்கு விடை முற்றத்திலேயே கிடைக்கிறது.

குஸ்தோர் விழாக்களில், வறுத்த பார்லி மாவைப் பிசைந்து செய்த சாண் அளவு மனித உருவம் ஒன்றை முக்கோணத் தட்டில் கிடத்துகிறார்கள். கருந்தொப்பி அணிந்த தலைமைத் துறவி அதைச் சுற்றி ஆடி, மண்டியிட்டு, மூவிளிம்புக் குத்துவாளால் அதைக் குத்தி, துண்டு துண்டாக அறுத்து நாற்புறமும் வீசுகிறார். அறுபடுவது எந்த மனிதனும் அல்ல. ‘நான்’ என்னும் பற்று. அதோடு ஒட்டிய அவாவும் வெகுளியும் மயக்கமும். கடைசி நாள் மாலையில் மாவுக் கோபுரங்கள் ஊருக்கு வெளியே எடுத்துச் செல்லப்பட்டு எரிக்கப்படுவதோடு விழா நிறைவுறுகிறது. மாலை வரை இருக்காமல் மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிடும் பயணிகள் இழப்பது இதைத்தான்.

சாத்தனார் காட்டிய வழி

விழாவுக்குப் போகிறவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்குத் தமிழ்ப் பௌத்தர் வேறெங்கும் தேட வேண்டாம். மணிமேகலையின் முதற்காதையே விழாவறை காதை. புகார் நகரில் இருபத்தெட்டு நாள் நடக்கும் இந்திரவிழாவை, யானையின் பிடரியில் முரசை ஏற்றிவைத்து அறிவிக்கிறான் முரசறையும் வள்ளுவன். பூரண கும்பம் வையுங்கள், வாழையும் கரும்பும் நடுங்கள், பழைய மணலை மாற்றிப் புதுமணல் பரப்புங்கள் என்று அடுக்கிக்கொண்டே வந்தவன், அறம் பேசுவோர் அமரும் இடத்தையும் வாதிடுவோர் ஏறும் பட்டிமண்டபத்தையும் சொல்லி, பகைவரிடத்தும் சினமும் பூசலும் கொள்ளாமல் ஒதுங்கிப் போங்கள் என்கிறான். சீத்தலைச் சாத்தனாரின் இந்த நெறி லடாக்குக்கும் பூட்டானுக்கும் அப்படியே பொருந்தும்.

அதே காப்பியத்தில் அமுதசுரபியும் ஒரு திதிக்குக் கட்டுப்பட்டது. ஆபுத்திரன் கோமுகிப் பொய்கையில் விட்ட பாத்திரம் ஆண்டுக்கு ஒருநாள், பகவன் பிறந்த வைகாசிப் பௌர்ணமியில், நீரின் மேல் எழுகிறது. மணிமேகலை அந்நாளில் அங்கே இருந்ததால் அவள் கைக்கு அது வந்தது. அதைப் போலவே, ஹெமிஸ் மடத்தில் முத்துகள் பதித்துத் துணியில் தைத்த குரு ரின்போச்சேயின் மாபெரும் தங்கா, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, குரங்கு ஆண்டில் மட்டுமே சுவரில் விரிக்கப்படுகிறது. 2004இல் விரிந்தது, 2016இல் விரிந்தது.

தமிழ் மண்ணுக்கும் இந்த மடங்களுக்கும் உள்ள தொடர்பு காப்பிய ஒப்புமையோடு முடிவதல்ல. பௌத்த அளவைநூலின் தந்தை திக்நாகர் காஞ்சிக்கு அருகில் சிம்மவக்திரம் என்னும் ஊரில் பிறந்தவர் என்று திபெத்திய அறிஞர் தாரநாதர் 1608இல் முடித்த இந்தியப் பௌத்த வரலாற்றில் எழுதுகிறார். திக்நாகரின் பிரமாண சமுச்சயம் இன்று முழுமையாக நமக்குக் கிடைப்பது திபெத்திய மொழிபெயர்ப்பில்தான். நாலந்தாவின் தலைவராயிருந்த தர்மபாலரும் காஞ்சியைச் சேர்ந்தவர் என்பது சீனத் துறவி சுவான்சாங் தரும் செய்தி. தர்மபாலரின் மாணவர் சீலபத்திரரிடம்தான் சுவான்சாங் பாடம் கேட்டார். திக்நாகரின் வழிவந்த தர்மகீர்த்தியின் பிரமாணவார்த்திகத்தைக் கெலுக் மரபின் மடங்களில் இன்றும் கையைத் தட்டித் தட்டி வாதிட்டுப் படிக்கிறார்கள். லடாக்கின் திக்சே, ஸ்பித்துக் போன்ற மடங்கள் அம்மரபைச் சேர்ந்தவை. குஸ்தோர் விழாவுக்கு அங்கே போகும் தமிழர், அந்நியர் வீட்டுக்குப் போகவில்லை.

எந்த மாதம், எந்த ஊர்

குளிர் தாங்குவோருக்கு ஜனவரியில் ஸ்பித்துக் குஸ்தோரும் தவாங்கின் தோர்க்யாவும் உண்டு. தவாங் மடம் 1680-81இல் மேராக் லாமா எழுப்பியது. ஆறாம் தலாய் லாமா பிறந்தது அவ்வூரை அடுத்த உர்கெல்லிங்கில். அருணாசலத்துக்குள் நுழைய வெளிமாநிலத்தார் உள்வரம்பு அனுமதி பெற வேண்டும். 2024 மார்ச்சில் சேலா சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பிறகு பனிக்காலப் பயணம் எளிதாகியிருக்கிறது.

வசந்தத்தில் பூட்டானின் பாரோ செச்சு. அதன் கடைசி நாளில் விடியுமுன் ‘தொங்த்ரோல்’ எனப்படும் பெருந்துணிப் படத்தை விரித்து, வெயில் படுமுன் சுருட்டிவிடுகிறார்கள்; கண்டாலே விடுதலை என்பது நம்பிக்கை. பூட்டானுக்குப் போகும் இந்தியர் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வைத்திருக்க வேண்டும். ஓர் இரவுக்கு ஆளுக்கு 1,200 ரூபாய் நிலைபேற்று வளர்ச்சிக் கட்டணம். சாகா தாவா நாளில் கேங்டாக்கில் துறவிகள் திருமறைச் சுவடிகளைச் சுமந்து வீதிவலம் வருவார்கள். அக்டோபர் - நவம்பரில் நேபாளத்தின் தெங்போச்சேயில் மணி ரிம்து. 1916இல் நிறுவப்பட்டு, 1934 நிலநடுக்கத்தில் இடிந்து, 1989இல் தீக்கிரையாகி, மீண்டும் எழுந்த மடம் அது. 3,867 மீட்டர் உயரம். லுக்லாவிலிருந்து நடந்துதான் ஏற வேண்டும்.

உயரம் என்றதும் ஒரு சொல். லே நகரம் 3,500 மீட்டரில் இருக்கிறது. விமானத்தில் போய் இறங்குகிறவர்கள் இரண்டு நாள் முழு ஓய்வு எடுக்காமல் எங்கும் அலையக் கூடாது. தலைவலியும் வாந்தியும் மூச்சுத் திணறலும் கூடினால் மருத்துவரிடம் போவதும் கீழே இறங்குவதுமே வழி. இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் புறப்பட வேண்டாம்.

மடத்தை வலமாகவே சுற்ற வேண்டும். சன்னதிக்குள் காலணியும் தொப்பியும் கூடா. முகமூடிகளைத் தொடக் கூடாது. ஆடுகிறவர் முன்னே குனிந்து படமெடுப்பது அடாத செயல். நான்கு விழாவை ஓடி ஓடிப் பார்ப்பதைவிட ஒரே விழாவில் முதல் நாள் காலைமுதல் கடைசி நாள் மாலைவரை இருந்த இடத்தில் இருப்பதே யாத்திரை.

அடுத்த குரங்கு ஆண்டு 2028. நமக்குக் கீலக ஆண்டு. ஹெமிஸ் தங்கா அப்போது விரியும். ஐந்தாம் மாதத் தசமி ஜூன் இறுதியையோ ஜூலைத் தொடக்கத்தையோ ஒட்டி வரக்கூடும். விருப்பமுள்ள அன்பர்கள் இப்போதே ஊர்தோறும் குழுவாகச் சேர்ந்து, அதற்குள் மணிமேகலையை ஒருமுறை முழுதாகக் கூடி வாசித்து முடித்துவிட வேண்டும். 2027 முடிவதற்குள் மடத்திடம் தேதியை உறுதிசெய்துகொண்டு, லேயில் ஓய்வுக்கு இரண்டு நாள், விழாவுக்கு இரண்டு நாள் என்று விடுப்பு எழுதிக்கொடுங்கள்.