டிஸ்கஸ் அபௌட்: ஒரு சின்ன சரித்திரம்

இங்கே புனேயில் எங்கள் ஆபீஸில் ஒரு தமிழர், ஒரு மராட்டிக்காரர், ஒரு வங்காளி தனித்தனியாக மெயில் எழுதினாலும் மூன்றிலும் 'லெட் அஸ் டிஸ்கஸ் அபௌட் திஸ்' என்றுதான் இருக்கும். நாம் 'அதைப் பற்றிப் பேசுவோம்' என்கிறோம், ஹிந்தியில் 'கே பாரே மே' என்கிறார்கள். அந்தப் 'பற்றி'தான் அபௌட்டாக வந்து ஒட்டிக்கொள்கிறது. போன மாதம் புதிதாகச் சேர்ந்த நம்ம ஊர்ப் பையன் எழுதிய இப்படி ஒரு மெயிலை மீட்டிங்கில் ஒருவர் படித்துக் காட்டிச் சிரித்தார். பையன் அதிலிருந்து மீட்டிங்கில் வாயே திறப்பதில்லை. எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்தப் பழைய கதையைத் தோண்டினேன்.

எந்த வினைச்சொல்லோடு எந்தச் சின்னச் சொல் சேரும் என்பது நமக்கு மட்டும் வந்த தலைவலி அல்ல. 1755இல் ஆங்கில அகராதி போட்ட சாமுவேல் ஜான்சன் அதன் முன்னுரையிலேயே ஒத்துக்கொள்கிறார், அந்நியர்களை மிகவும் படுத்துவது இதுதான் என்று. பிரேக் என்றால் உடைப்பது, பிரேக் ஆஃப் என்றால் சட்டென்று நிறுத்துவது. செட் என்றால் வைப்பது, செட் அவுட் என்றால் பயணம் கிளம்புவது. இதில் லாஜிக் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்? நம்ம ஐ, ஆல், கு எவ்வளவோ தேவலை!

1907இல் ஜி.சி. விட்வொர்த் என்ற பம்பாய் சிவில் சர்வீஸ்காரர் நம் ஆட்களின் ஆங்கிலத்தில் உள்ள மரபுப் பிழைகளைத் திரட்டி 'இந்தியன் இங்கிலிஷ்' என்று ஒரு புத்தகமே போட்டார். தப்பைச் சுட்டிக்காட்ட ஆள் இருந்தது. எழுத உட்காரும்போது சரியான பிரயோகத்தை எங்கே பார்ப்பது? சாதாரண அகராதியில் அர்த்தம் கிடைக்கும், அவ்வளவுதான். தாய்மொழிக்காரருக்கு மற்றது தேவைப்படவில்லை.

அந்தக் குறையைத் தீர்க்க ஒரு நல்ல அகராதி ஜப்பானிலிருந்து வந்தது. ஏ.எஸ். ஹார்ன்பி 1924இல் அங்கே இங்கிலிஷ் வாத்தியாராகப் போனவர். மாணவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று தினம் வகுப்பில் பார்த்தவர். கேட்டன்பி, வேக்ஃபீல்ட் என்ற இருவரோடு சேர்ந்து, ஒவ்வொரு வினைச்சொல்லும் வாக்கியத்தில் எப்படி உட்காரும் என்று 25 அமைப்புகளாகப் பிரித்து ஓர் அகராதி தயாரித்தார். 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்க, எதிரி நாட்டவர் என்று அவரைக் காவலில் வைத்துவிட்டார்கள். அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்ட் அந்தப் பக்கங்களைப் புகைப்பட முறையில் அப்படியே மறுபதிப்பு செய்தது. பிற்பாடு 'அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் டிக்‌ஷனரி' என்று நம் வீட்டு அலமாரிகளுக்கெல்லாம் வந்தது இதுதான். பிள்ளைகளுக்கு டிக்‌ஷனரி வாங்கும்போது தடிமனைப் பார்க்காதீர்கள், அட்டையில் 'லேர்னர்ஸ்' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

அதைப் புரட்டிப் புரட்டி எனக்குப் பிடிபட்ட ஒரு சூட்சுமம்: சில சொற்கள் பெயர்ச்சொல்லாக வந்தால் துணை கேட்கும், வினையாக வந்தால் கேட்காது. 'டிஸ்கஷன் அபௌட்' சரி, 'டிஸ்கஸ் அபௌட்' தப்பு. 'ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' என்று பெயர்ச்சொல்லாக எழுதலாம், வினையானால் 'ஐ ரிக்வெஸ்ட் லீவ்' போதும். 'எம்ஃபஸிஸ் ஆன்' உண்டு, 'எம்ஃபஸைஸ் ஆன்' கிடையாது. 'கோப் அப் வித்' வேறு ரகம். 'கோப் வித்'தையும் 'கீப் அப் வித்'தையும் நாம் போட்டுக் குழப்பிய கூட்டுப் பொரியல் அது.

ஆக்ஸ்ஃபோர்டின் அந்த அகராதியில் இப்போது 'டிஸ்கஸ்' என்ற சொல்லை எடுத்துப் பாருங்கள். அபௌட் சேர்க்கக் கூடாது என்று தனியாக ஒரு குறிப்பே போட்டிருக்கிறார்கள். உலகம் முழுக்க எத்தனை பேர் அப்படி எழுதியிருந்தால் அதற்கென்று இடம் ஒதுக்கியிருப்பார்கள்!