மலைநாட்டுத் தோட்டத் தமிழ் உணர்த்தும் வரலாறு

ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றைக் கல்வெட்டும் செப்பேடும் மட்டுமே உணர்த்துவன அல்ல. அவர்தம் அன்றாடப் பேச்சும் உணர்த்த வல்லது. கல்லிற் பொறிக்கும் வாய்ப்பற்றோர்க்கு அப்பேச்சே தலையாய சான்றாகும். அட்டன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் வழங்கும் தமிழ் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை முதலிய மாவட்டங்களினின்று கோப்பித் தோட்டங்களுக்கு வந்த மக்கள், 1869 இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழியத் தேயிலைத் தொழிலுக்கு மாறினர். புதிய வாழ்வு புதிய சொற்களைத் தந்தது. வரிசைக் குடியிருப்பைக் குறித்த 'லைன்' எனும் ஆங்கிலச் சொல் 'லயம்' ஆயிற்று. அதன் அறை, போர்த்துக்கேயச் சொல்வழி 'காம்பரா' ஆயிற்று. விடியலில் ஆட்களை நிறுத்தி வேலை பகிரும் 'பரேட்', 'பெரட்டு' எனத் திரிந்தது. படை அணிவகுப்பின் பெயர் கொழுந்து பறிப்போர்க்கு வந்தமையே தோட்ட ஆட்சியின் இயல்பை விளக்கும்.

பழந்தமிழ்ச் சொற்களும் பொருள் மாறின. 'துண்டு' என்பது, கங்காணியும் அவன்கீழ் உள்ளாரும் பட்ட கடனைக் குறித்துத் துரை தரும் சீட்டு. அத்தொகையை மற்றொரு தோட்டம் செலுத்தினாலன்றித் தொழிலாளி அங்குப் போதல் அரிது. 1921 ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையை ஒழித்தது. ஒரு நாள் வேலை 'பேர்' எனப்பட்டது. குறை வேலைக்கு 'அரைப்பேர்' விழுந்தது. ஆளையும் பெயரையும் குறித்த சொல் கூலிக் கணக்கின் அளவையாயிற்று.

துரைமார் இத்தமிழைக் கற்றதும் ஏவுதற்பொருட்டே. அவர்க்கென எழுந்த கைந்நூல்களுள் ஒன்றன் பெயர் 'இங்கே வா'. வெல்ஸ் என்பார் 1915 இல் வெளியிட்டதன் பெயர் 'கூலித் தமிழ்'. ஆயின், ஏவலுக்கு அடங்கியதன்று அம்மொழி. லயத்திலே தாலாட்டும் ஒப்பாரியும், வெளியிலே தப்பொலியோடு காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் அம்மொழியிலேயே வாழ்ந்தன. கோ. நடேசய்யரும் அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மையாரும் தொழிலாளர் உரிமையைப் பாட்டாகவே பரப்பினர். வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளையின் பணியும் நன்றிக்குரியது.

1948 ஆம் ஆண்டுச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோர்க்குக் குடியுரிமை மறுத்தது. 1964 இல் ஏற்பட்ட சிறீமா - சாத்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பகிர்ந்தது. எஞ்சிய 1,50,000 பேர் பின்னைய பேச்சுக்கு விடப்பட்டனர். தோட்டத்துக் கணக்கேட்டிற் போலவே இங்கும் மக்கள் 'பேர்' என எண்ணப்பட்டனரேயன்றி வினவப்பட்டிலர்.

ஆகலின், இச்சொற்களைக் கொச்சையென ஒதுக்குதல் வரலாற்றையே ஒதுக்குதலாகும். துண்டு நேற்றே ஒழிந்தது. லயமும் ஒருநாள் ஒழிதல் வேண்டும். அவை ஒழியினும் அவற்றின் சொற்கள் அழியாவண்ணம், முதியோர் வாய்மொழியை இளைய மாணாக்கர் இன்றே தொகுத்தல் கடனாம்.